கையொப்பம் இல்லாத கடிதம்: மேரி அன்டோனெட்டின் கடிதங்கள் கைமாறிய வழி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1793 அக்டோபர் 16, விடியற்காலை நாலரை மணி. பாரிசின் கொன்சியெர்ஜெரி சிறையில், மரண தண்டனைத் தீர்ப்பைக் கேட்டுத் திரும்பிய சிறிது நேரத்தில், பிரான்சின் முன்னாள் அரசி மேரி அன்டோனெட் தன் நாத்தனார் எலிசபெத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நாளையும் நேரத்தையும் தலைப்பில் குறித்துவிட்டு, இதுவே தாம் எழுதும் கடைசிக் கடிதம் என்று தொடங்கினார். பிள்ளைகளைப் பற்றி எழுதினார், மன்னிப்புக் கேட்டார், மன்னிப்பும் அளித்தார். தம்மிடம் ஒரு பாதிரியாரை அனுப்பக்கூடும் என்றும், அவரிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் முற்றிலும் அந்நியராகவே நடத்தப்போவதாகவும் சொல்லும் வாக்கியத்தோடு கடிதம் நின்றுவிடுகிறது. அன்று நண்பகல் கடந்து சற்று நேரத்தில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது.

இந்தக் கடிதம் இன்று பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் அரசியின் கையொப்பத்தைத் தேடுபவர் ஏமாந்து போவார். அதில் இருப்பவை வேறு ஐந்து பேருடைய கையொப்பங்கள்: அவருக்கு மரண தண்டனை கோரிய அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே-தான்வில் ஒருவர், லெகுவாந்த்ர், லெழாந்த்ர், மசியே, குஃப்ருவா என்ற தேசியப் பேரவை உறுப்பினர்கள் நால்வர். பேச்சு வழக்கில் கைப்பட எழுதுவதையும் பெயரிட்டு ஒப்பமிடுவதையும் நாம் ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அரச குடும்பக் கடிதங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். இந்த ஆய்வின் பாதிப் பொருள் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே எழுத்தைக் கையெழுத்து என்றும், பெயரிடுவதைக் கையொப்பம் என்றும் குறிப்பிடுகிறேன்.

கடிதம் எலிசபெத்தைச் சென்று சேரவில்லை. சிறைக் காப்பாளர் அதை ஃபூக்கியே-தான்விலிடம் ஒப்படைத்தார். அங்கிருந்து அது புரட்சி அரசின் தலைவர்களில் ஒருவரான ரொபெஸ்பியரிடம் போனது. எலிசபெத்தும் 1794 மே 10 அன்று, அப்படியொரு கடிதம் தமக்கு எழுதப்பட்டதை அறியாமலேயே, அதே தண்டனைக்கு ஆளானார். அந்த ஆண்டு ஜூலையில் ரொபெஸ்பியர் வீழ்ந்தபின் அவருடைய தாள்களை ஆராயப் பேரவை ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் சார்பில் அறிக்கை எழுதிய கூர்த்துவா என்ற உறுப்பினர், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் தாமே வைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அவர் வீட்டில் கிடந்தது. 1816 ஜனவரியில், அரசியின் கணவரான மன்னர் பதினாறாம் லூயியின் மரணத்துக்கு வாக்களித்தவர்களை நாடு கடத்தும் சட்டம் வந்தபோது, அந்தப் பட்டியலில் தாமும் இருப்பதை உணர்ந்த கூர்த்துவா, கடிதத்தைத் தருவதாகச் சொல்லி அரசிடம் சலுகை பெற முயன்றார். சலுகை கிடைக்கவில்லை. வீடு சோதனையிடப்பட்டுத் தாள்கள் கைப்பற்றப்பட்டன. அவர் நாடு கடத்தப்பட்டு அதே ஆண்டின் இறுதியில் பிரசல்ஸில் இறந்தார்.

அரசியின் கையொப்பம் இல்லாத ஒரு தாளை, அவரைக் கொன்றவர்களின் கையொப்பங்களை வைத்தே உண்மையென்று உறுதி செய்ய முடிகிறது என்பதை ஓர் அரிய விந்தையாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகக் கூடாது என்பதே என் கருத்து. பழைய அரச கடிதங்களைத் தேடுவோரும் சேர்ப்போரும் முதலில் கேட்பது, “இது அவருடைய கையெழுத்துதானா?” என்ற கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, “இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?” என்பது. மேரி அன்டோனெட்டின் கடிதங்களுக்கு நேர்ந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

அரசரின் பெயரில் எழுதும் கைகள்

தமிழில் அரசன் விடுத்த ஓலைக்குத் திருமுகம் என்று பெயர்; ஓலை வந்தால் அரசனின் முகமே வந்தது போல. ஆயினும் அந்த ஓலையை எழுதியது அரசனின் கையல்ல. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் வாய்மொழியைக் கேட்டு எழுதும் ‘திருமந்திர ஓலை’ என்ற அலுவலர் தனியாகவே குறிக்கப்படுகிறார். பிரெஞ்சு அரசவையிலும் இதே நிலைதான். அங்கே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பதினான்காம் லூயியிடம் பணியாற்றிய தூசென் ரோஸ் என்ற செயலரின் வேலையே, அரசரின் கையெழுத்தைப் போலவே எழுதி, அரசர் தம் கைப்பட எழுதியதாகத் தோன்றும் கடிதங்களை ஆக்குவது. அது மோசடியல்ல, அரசவை முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட பதவி. ‘லூயி’ என்ற ஒப்பத்தோடு சந்தைக்கு வரும் தோல் ஆவணங்களில் மிகப் பலவற்றில் அந்த ஒப்பத்தை இட்டது செயலரின் கை.

எனவே அரசி முழுவதும் தம் கைப்பட எழுதியது, செயலர் எழுதி அரசி ஒப்பமிட்டது, ஒப்பத்தையும் செயலரே இட்டது, பிறகு யாரோ பார்த்தெழுதி வைத்த படி என்று தாள்கள் பலவகைப்படும். இவற்றின் விலையில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முதல் வகையென்று சொல்லி நான்காம் வகையை விற்பவர் எல்லோரும் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. பல சமயம் அவருக்கே தெரியாது. 1816-இல் அரசியின் கடைசிக் கடிதம் வெளிப்பட்டவுடன் அதை அச்சு அசலாகப் பொறித்த நகல்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன. நூற்றாண்டுகள் கடந்து தாள் பழுத்துவிட்டால், அத்தகைய நகல் ஒன்றைக் கண்டெடுப்பவர் அதை மூலமென்று மனமார நம்பக்கூடும்.

ஒப்பத்தில் ஒரு சொல்

அரசி உயிரோடிருந்தபோதே அவர் பெயரில் கடிதங்கள் புனையப்பட்டன. கார்டினல் ரோஹான் அரசியின் தயவுக்கு ஏங்கியவர். ழான் தெ லா மோத் என்ற பெண்மணி, தாம் அரசியின் நெருங்கிய தோழி என்று அவரை நம்பவைத்து, அரசி எழுதியதாகக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை எழுதியவர் ரெத்தோ தெ வில்லெத் என்பவர். இக்கடிதங்களின் பலத்தில் 16 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) விலையுள்ள வைர மாலையை நகைக்காரர்களிடமிருந்து ரோஹான் அரசியின் பெயரில் வாங்கிக் கொடுத்தார். மாலை பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. 1785 ஆகஸ்டில் விஷயம் வெடித்தபோது, அரசரிடம் காட்டப்பட்ட தாளில் இருந்த ஒப்பம் ‘பிரான்சின் மேரி அன்டோனெட்’ என்றிருந்தது. அரசியர் தம் திருமுழுக்குப் பெயரை மட்டுமே ஒப்பமாக இடுவர் என்பது அரசவையில் யாவரும் அறிந்த வழக்கம். ரோஹான் குடும்பத்து இளவரசரும் அரசரின் தலைமைக் குருவுமான ஒருவருக்கு இது தெரியாதா என்பதே பதினாறாம் லூயியின் முதல் கேள்வியாக இருந்தது.

எழுத்தின் சாயலை ஆராயத் தேவையே இருக்கவில்லை. கூடுதலாக இருந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ரோஹான் 1786 மே 31 அன்று குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனால் அரசியின் பெயருக்கு ஏற்பட்ட கறை விலகவில்லை. கையொப்ப வழக்கத்தை அறிவது சேகரிப்பாளருக்கு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

1864: ஒரே கடிதம், இரண்டு மூலங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கைப்படக் கடிதங்களைச் சேர்ப்பது ஐரோப்பாவில் ஒரு பெரும் வேட்கையாக வளர்ந்தது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி, மேரி அன்டோனெட்டின் நினைவைப் போற்றியவர். 1867-இல் சிறிய திரியானோன் மாளிகையில் அவருடைய பொருள்களைத் திரட்டி ஒரு காட்சியே நடத்தினார். அரசவையின் விருப்பம் இப்படி இருந்தால் சந்தையின் விருப்பம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1864-இல் உனோல்ஸ்டைன் பிரபு, தம்மிடமிருந்த மேரி அன்டோனெட்டின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் ஃபொய்யே தெ கோன்ஷ், அரசர், அரசி, எலிசபெத் மூவரின் கடிதங்களைக் கொண்ட பெருந்தொகுப்பின் முதல் பகுதிகளை வெளியிட்டார். அது 1873 வரை ஆறு தொகுதிகளாக நீண்டது. இவர் சாதாரண ஆளல்லர். வெளியுறவு அமைச்சகத்தில் அரசவை நடைமுறைகளைக் கவனித்த மூத்த அதிகாரி. கைப்படக் கடிதங்களின் சேகரிப்பில் பிரான்சிலேயே பெரும் பெயர் பெற்றவர். இரண்டு நூல்களிலும் சில கடிதங்கள் பொதுவாக இருந்தன. தம்மிடம் இருப்பவை மூலங்கள் என்றே இரு தரப்பும் கொண்டிருந்தன. வாசகர்கள் இளம் அரசியின் இனிய நடையில் உருகினார்கள்.

அந்த வேளையில் வியன்னாவிலிருந்து ஆல்ஃப்ரெட் ஃபொன் ஆர்னெத், ஆஸ்திரிய அரசக் காப்பகத்தில் இருந்த பேரரசி மரியா தெரேசாவுக்கும் அவருடைய மகளான மேரி அன்டோனெட்டுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். அந்தக் கடிதங்கள் எங்கும் சுற்றித் திரிந்தவையல்ல. பாரிசில் தூதராக இருந்த மெர்சி வழியாகத் தூதஞ்சலில் வியன்னாவுக்குப் போய், அரச குடும்பத்தின் காப்பகத்திலேயே தங்கிவிட்டவை. அவற்றை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் பாரிசில் வெளியானவற்றின் சாயம் வெளுத்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். மேரி அன்டோனெட் 1770-இல் பிரான்சுக்கு வந்தபோது அவருக்கு வயது பதினான்கு. எழுத்துப் பயிற்சி மிகக் குறைவு. அதே ஆண்டு மே 16 அன்று திருமணப் பதிவேட்டில் அவர் இட்ட ஒப்பம் இன்றும் இருக்கிறது: எழுத்துகள் சரிந்து இறங்குகின்றன, பெயருக்கு அருகே மை சிந்திய கறை தெரிகிறது. மகளின் எழுத்தைப் பற்றித் தாய் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். வியன்னாவில் உள்ள தொடக்க காலக் கடிதங்களில் இந்தக் குழந்தைத்தனமான கை தெரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எழுத்து மெல்லத் தேறி, நிலைபெற்று, வேறொரு கையாகவே மாறிவிடுகிறது. பாரிசுக் கடிதங்களிலோ 1770-ஐ ஒட்டிய தேதியிட்டவற்றிலும் முதிர்ந்த வயதின் எழுத்தே இருந்தது. புனைந்தவருக்கு மாதிரியாகக் கிடைத்தவை அரசியின் பிற்காலத் தாள்கள். ஒரு மனிதரின் எழுத்து இருபது ஆண்டுகளில் வளர்ந்து மாறும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் ஃபொன் ஸிபெல் இக்கடிதங்களைக் கடுமையாக மறுத்து எழுதினார். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முடிவில் உனோல்ஸ்டைன் வெளியிட்டவையும், ஃபொய்யே தெ கோன்ஷ் சேர்த்தவற்றில் கணிசமானவையும் போலிகள் என்று ஒதுக்கப்பட்டன. அவருடைய தொகுதிகளில் உண்மையான கடிதங்களும் கலந்திருந்தன என்பதுதான் இதில் பெரிய கேடு. நல்லரிசியில் கல் கலந்தால் அரிசி முழுவதையும் அரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இதே காலத்தில் பாரிசில் நடந்த இன்னொரு மோசடியையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். கணித மேதை மிஷேல் ஷால், வ்ரேன்-லூக்கா என்பவரிடமிருந்து 1861 முதல் எட்டு ஆண்டுகளில் 27,000-க்கும் மேற்பட்ட போலிக் கடிதங்களை லட்சத்துக்கும் மேற்பட்ட பிராங்கு கொடுத்து வாங்கினார். அவற்றில் கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியது ஒன்று. அதுவும் தாளில், பிரெஞ்சு மொழியில். 1870-இல் வ்ரேன்-லூக்காவுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஷாலை அறிவிலி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிவகணிதத்தில் ஒவ்வொரு படிக்கும் நிறுவல் கேட்ட அதே மனிதர், ஒரு தாள் தம்மிடம் வந்த வழிக்கு மட்டும் நிறுவல் கேட்கவில்லை.

ஃபெர்சன் குடும்பத்துத் தாள்கள்

இனி, கைமாறிய வழி மாசு மருவற்றதாக இருந்த ஒரு தொகுப்புக்கு வருவோம். 1791 ஜூன் 20 இரவு அரச குடும்பம் பாரிசை விட்டுத் தப்பி ஓடியதற்கு ஏற்பாடு செய்தவர்களில் முதன்மையானவர் சுவீடன் நாட்டுப் பிரபு அக்செல் ஃபொன் ஃபெர்சன். வாரென் என்ற ஊரில் அவர்கள் பிடிபட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டபின், துய்லெரி அரண்மனைக் காவலில் இருந்தபடியே அரசி 1792 ஆகஸ்ட் வரை ஃபெர்சனோடு மறைவாகக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். சில கடிதங்கள் சங்கேத எழுத்தில் இருந்தன. சிலவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத மை பயன்பட்டது. ஃபெர்சன் 1810 ஜூன் 20 அன்று, தப்பியோட்டத்தின் அதே நாளில், ஸ்டாக்ஹோமில் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். தாள்கள் குடும்பத்தில் தங்கின. அவருடைய உறவின் வழிவந்த கிளிங்கோவ்ஸ்ட்ரம் பிரபு 1877-78-இல் அவற்றைப் பதிப்பித்தார். பல இடங்களில் வரிகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் மட்டுமே இருந்தன. மூலத் தாளில் அந்த வரிகள் மையால் அடர்த்தியாக அடிக்கப்பட்டிருந்தன. 1982-இல் பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகம் இத்தொகுப்பை வாங்கியது.

அடித்தவர் யார்? குடும்ப மானத்துக்கு அஞ்சிய பதிப்பாசிரியரே என்று நூறாண்டுக்கும் மேலாகப் பலரும் நம்பினர். வெறும் அடித்தலோடு நிற்காமல், அடித்த எழுத்துகளின் மேலேயே பொருளற்ற வேறு எழுத்துகளையும் சுழிகளையும் எழுதிக் குழப்பியிருந்தார்கள் என்பதால், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன.

விடை மையில் இருந்தது. அக்கால ஐரோப்பிய மை, நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குகளால் ஆனது: மாசிக்காயை ஊறவைத்து அல்லது காய்ச்சி எடுத்த துவர்ப்புச் சாறு, அன்னபேதி, பிசின். அன்னபேதி இரும்பின் உப்பு. ஆனால் சுரங்கத்திலிருந்து வரும் அன்னபேதியில் செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் கலந்தே இருக்கும். எவ்வளவு என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். ஆக ஒவ்வொரு மைக்கூட்டிலும் இரும்புக்கும் செம்புக்கும் உள்ள விகிதம் வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. பாரிசின் ஆவணப் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆன் மிஷ்லேனும் உடன் பணியாற்றியவர்களும் தாளின் மேல் எக்ஸ் கதிரைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தினர். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி உமிழும். செம்பு மட்டும், இரும்பு மட்டும் என்று தனித்தனிப் படங்கள் வரைந்து, விகிதத்தைக் கணக்கிட்டபோது, மேல் எழுத்தும் கீழ் எழுத்தும் பிரிந்து வந்தன. 2021 அக்டோபரில் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, எடுத்துக்கொண்ட 15 கடிதங்களில் 8-இல் மறைந்த சொற்கள் மீண்டன. மற்ற 7-இல் இரண்டு மைகளும் மிக நெருங்கிய கூட்டாக இருந்ததால் பிரிக்க முடியவில்லை.

மீண்டவை அரசாங்க இரகசியங்கள் அல்ல. அன்பான நண்பர், நேசத்துக்குரியவர், பித்தாக நேசிக்கிறேன் என்பன போன்ற சொற்கள். அவற்றைவிட முக்கியமான முடிவுகள் இரண்டு. முதலாவது: அடிக்கப் பயன்பட்ட மையின் கூட்டு, ஃபெர்சன் தம் கடிதங்களை எழுதிய மையின் கூட்டோடு பொருந்தியது. அடித்தவர் ஃபெர்சன்தான், கிளிங்கோவ்ஸ்ட்ரம் மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது. எரித்துவிட்டிருக்கலாம், எரிக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் வேண்டும், பிறர் கண்ணில் படவும் கூடாது என்ற இரண்டு எண்ணங்களும் அந்தக் கறுப்புக் கோடுகளில் ஒன்றாக இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது முடிவு சேகரிப்பாளரை நேரடியாகத் தொடுவது. தொகுப்பில் மேரி அன்டோனெட்டின் கடிதங்கள் என்று எண்ணப்பட்டவற்றில் பல, அரசியின் கையால் எழுதப்பட்டவையே அல்ல. தமக்கு வந்தவற்றை ஃபெர்சன் தம் கையால் எடுத்துவைத்த படிகள். இதில் ஏமாற்று ஏதுமில்லை. அரசியல் காரியங்களுக்காகக் கடிதத்தைப் படியெடுப்பது அன்றைய வழக்கம். வியன்னாவில் மகளின் கடிதங்கள் பலவற்றைப் பேரரசியின் செயலர் படியெடுத்து வைத்ததும் அந்த வழக்கப்படிதான். பெற்றவர் கையிலிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்திலிருந்து காப்பகத்துக்கும் நேராக வந்த தாள்கள் இவை. இடையில் வியாபாரி இல்லை, இடைவெளி இல்லை. ஆனாலும் ‘மூலம்’ என்ற சொல் பிழையாகிவிட்டது. தாள் வந்த வழி, அது போலியல்ல என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறது. எழுதிய கை எதுவென்று சொல்ல மை வேண்டியிருந்தது.

இந்தப் படிகளின் மதிப்புக் குறைந்துவிட்டதா? ஏல விலையில் குறையும். எனக்கோ அரசியின் சொற்களை அமர்ந்து தம் கையால் ஒருவர் எழுதி வைத்துக்கொண்டது என்பது மூலத்துக்குச் சற்றும் குறையாத சான்றாகவே படுகிறது. ஆனால் வாங்குபவரிடம் அது படியென்று சொல்லப்பட வேண்டும். பட்டியலில் படியென்றே பதியப்பட வேண்டும்.

பிரான்சில் இத்தகைய தாளை வாங்க எண்ணுபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஏலத்தில் கடைசி விலை கேட்டவரின் இடத்தில் தானே நின்று, அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை அரசுக்கு உண்டு. அரசாங்க ஆவணம் என்று நிறுவப்பட்டால், எத்தனை ஆண்டு தனியார் வசம் இருந்திருந்தாலும் அரசின் உரிமை காலாவதியாவதில்லை. கூர்த்துவா இருபதாண்டு மறைத்து வைத்திருந்ததால் அந்தக் கடிதம் அவருடையதாகிவிடவில்லை.

ஆய்வில் மீண்ட வரிகளுள் ஒன்றை இங்கே தருகிறேன். 28-ஆம் தேதிக் கடிதம் ‘எனக்கு மகிழ்ச்சி தந்தது’ என்று முதலில் எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, மேலே ஃபெர்சனின் கை, அந்தக் கடிதம் ‘வந்து சேர்ந்தது’ என்று திருத்தியிருக்கிறது.